போல்டர், 1981: மாணவர்கள் கூட்டிய செவ்வாய் மாநாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

1981ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரில், கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் முன்னின்று ஒரு மாநாட்டைக் கூட்டினர். மனிதர் செவ்வாய்க் கோளுக்குச் செல்வது எப்படி, சென்றபின் அங்கே எதைக் கொண்டு வாழ்வது என்பவையே அதன் பொருள். ‘தி கேஸ் ஃபார் மார்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டனர். செவ்வாயின் சார்பில் எடுத்துவைக்கும் வாதம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பெயர் பொருத்தமானதுதான். அந்த ஆண்டில் செவ்வாய்க்காக வாதாட ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டிய நிறுவனமான நாசா, அமெரிக்க அரசின் விண்வெளி நிறுவனம், அதைக் கைவிட்டிருந்தது.

பணமோ பதவியோ இல்லாத மாணவர்கள், அரசு விண்வெளி நிறுவனம் ஒதுக்கிவைத்த கேள்வியை மீண்டும் எப்படி மேசைக்குக் கொண்டுவந்தனர், அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதே இந்த ஆய்வின் அக்கறை. மாநாட்டின் உண்மையான பலன் அது எழுப்பிய உற்சாகத்தில் இல்லை, கேள்வியை வேறு இடத்திலிருந்து தொடங்கியதிலும், விவாதித்ததை எழுத்தில் பதித்ததிலுமே இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே காட்ட முயல்கிறேன்.

பின்னணி: வைக்கிங்குக்குப் பிந்தைய வெறுமை

1976 ஜூலை 20 அன்று வைக்கிங் 1 கலமும், செப்டம்பர் 3 அன்று வைக்கிங் 2 கலமும் செவ்வாயில் தரையிறங்கின. மண்ணில் நுண்ணுயிர் உள்ளதா என்று அறிய அவை மூன்று உயிரியல் சோதனைகளைச் சுமந்து சென்றன. அவற்றில் ஒன்று, கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டக் கரைசலை மண்ணில் சொட்டவிட்டபோது, உயிர் இருந்தால் எதிர்பார்க்கத்தக்க விதத்தில் வாயுவை வெளியிட்டது. ஆயினும் அதே மண்ணைச் சூடாக்கிப் பகுத்த கருவி அந்த மண்ணுக்கே உரிய கரிமச் சேர்மம் எதையும் காட்டவில்லை. கரிமப் பொருளே இல்லாத இடத்தில் உயிர் எப்படி இருக்கும் என்ற நியாயமான ஐயம் மேலோங்க, கிடைத்த வினையை மண்ணின் வேதியியலாகவே பெரும்பாலான அறிவியலாளர்கள் கொண்டனர். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டறிந்தபின், சூடாக்கும்போது அந்த உப்பால் கரிமச் சேர்மங்கள் சிதைந்திருக்கலாம் என்ற விவாதம் திரும்பவும் எழுந்தது. 1981இல் அந்த ஆறுதல் யாருக்கும் கிடைக்கவில்லை. செவ்வாய் செத்த கோள் என்ற எண்ணமே நின்றது.

அரசியல் சூழலும் அதற்கு ஒத்தே இருந்தது. சந்திரனில் மனிதர் கால்பதித்த 1969இல், அமெரிக்க அதிபரின் பணிக்குழு ஒன்று 1980களிலேயே மனிதரைச் செவ்வாய்க்கு அனுப்பும் திட்டத்தை முன்வைத்தது. அதிபர் நிக்சன் அதை ஏற்கவில்லை. 1972 ஜனவரியில், மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க விண்கலமான விண்ணோடத்துக்கு மட்டும் ஒப்புதல் தந்தார். அதன்பின் மனிதச் செவ்வாய்ப் பயணம் பற்றிய ஆய்வுகளுக்கு நாசாவில் நிதி ஏறத்தாழ வற்றிப்போனது. ஆளில்லாக் கலங்களின் நிலையும் மேலாக இல்லை. வைக்கிங்குக்குப் பின் அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய அடுத்த கலமான மார்ஸ் அப்சர்வர் 1992 செப்டம்பரில்தான் புறப்பட்டது. அதுவும் 1993 ஆகஸ்டில், கோளை நெருங்கிய வேளையில், தொடர்பிழந்து மறைந்தது.

இத்தனைக்கும் நடுவில், மாணவர்கள் போல்டரில் கூடியபோது வைக்கிங் 1 தரையிறங்கு கலம் செவ்வாயின் கிரைசி சமவெளியில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. 90 நாள் பணிக்கென அனுப்பப்பட்ட அக்கலம் ஐந்தாம் ஆண்டை நிறைவு செய்யவிருந்தது. அதன் தரவுகளைத் தொடர்ந்து பெறுவதற்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நாசாவிடம் கொடுக்கும் முயற்சியும் நடந்தது. வேறொரு கோளின் தரையிலிருந்து வரும் செய்தியைக் கேட்க மக்கள் உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது என்றால், மாநாட்டுக்கு முந்தைய மனநிலையை வேறெதுவும் இதைவிடத் துலக்கமாகச் சொல்லாது.

வகுப்பறைக் கேள்வி

மாநாட்டின் வேர் 1970களின் பிற்பகுதியில் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மாணவர் கருத்தரங்கில் இருக்கிறது. வானியல்–புவி இயற்பியல் துறையில் ஆய்வு மாணவராக இருந்த கிறிஸ் மெக்கே, அதே துறையின் கரோல் ஸ்டோக்கர், உயிரியல் பக்கமிருந்து வந்த பெனலோப்பி பாஸ்டன், பொறியியல் நோக்குடைய டாம் மேயர், ஸ்டீவ் வெல்ச் முதலியோர் அதன் மையம். செவ்வாயை உயிர் வாழத்தக்க கோளாக மாற்ற முடியுமா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கற்பனைக் கதைக்குரிய கேள்வி. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தவர் உடனே கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். ஒரு கோளைச் சூடாக்க வேண்டுமானால் அதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு காற்றிலும் துருவப் பனியிலும் மண்ணிலும் இருக்கிறது, நீர் எங்கே ஒளிந்திருக்கிறது, நைட்ரஜன் போதுமா என்றெல்லாம் இருப்புக் கணக்கு எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கை எடுத்தவுடன் இன்னொரு எண்ணம் தானாகவே முளைக்கிறது: கோளை மாற்றும் அளவுக்கு இவை போதாவிட்டாலும், பத்துப் பேர் தங்கும் ஒரு நிலையத்துக்குத் தாராளமாகப் போதுமே. நூற்றாண்டுகள் எடுக்கும் கனவிலிருந்து, ஒரு தலைமுறைக்குள் செய்யத்தக்க ஆய்வு நிலையத்துக்கு அவர்கள் இறங்கிவந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. அவர்கள் பிரிட்டிஷ் கோளிடைக் கழகத்தின் ஆய்விதழில் அப்போது வெளியிட்ட கட்டுரைகள் இதற்குச் சான்றாகின்றன. செவ்வாய் ஆய்வு நிலையத்துக்கான குறைந்த அழுத்தப் பசுமைக்குடில் பற்றிப் பாஸ்டனும், அத்தகைய நிலையத்துக்குச் செவ்வாயின் வளங்களைப் பிரித்தெடுப்பது பற்றி மேயரும் 1981இல் எழுதினர். கோளையே மாற்றுவது பற்றிய மெக்கேயின் கட்டுரை 1982இல் வந்தது.

இதே ஆர்வத்தோடு வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக இருந்தவர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமே மாநாடாக உருப்பெற்றது. ‘செவ்வாய்த் தலைமறைவு இயக்கம்’ என்ற பொருளில் ‘மார்ஸ் அண்டர்கிரவுண்ட்’ என்று வேடிக்கையாக வழங்கிய பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. அந்த வேடிக்கையில் உண்மையும் இருந்தது: தாம் பணியாற்றும் நிறுவனத்தில் இந்த ஆர்வத்தை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியவர்களுக்கு அது ஓர் அடையாளச் சொல்லாயிற்று.

காலமும் கூடிவந்தது. 1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகப் பறந்தது. மாநாடு அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின் நடந்தது. மலிவாகவும் அடிக்கடியும் விண்வெளிக்குச் செல்லலாம் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. அந்த நம்பிக்கை பின்னர் என்ன விலை கேட்டது என்பதற்குத் திரும்ப வருவேன்.

மாநாட்டின் அமைப்பு

பயண உத்தி, விண்கல வடிவமைப்பு, உயிர்காப்பு, செவ்வாய்த் தரையில் செய்யும் பணிகளும் மூலப்பொருள் பதப்படுத்தலும், அரசியலும் பொருளாதாரமும் ஆகிய தலைப்புகளைச் சுற்றி விவாதங்கள் அமைந்தன. இந்தப் பகுப்பில் ஒன்று கவனிக்கத்தக்கது. அதற்கு முன் வந்த மனிதச் செவ்வாய்த் திட்டங்களில் பெரும்பாலானவை ராக்கெட்டிலிருந்து தொடங்கின: எவ்வளவு எடை, எத்தனை கட்டம், எந்த இயந்திரம். தரையில் சில வாரங்கள் தங்குவது அந்தத் திட்டங்களில் பயணத்தின் வால்போல ஒட்டியிருந்தது. மாணவர்களோ தரையிலிருந்து தொடங்கினர். அங்கே மனிதர் எதை மூச்சுவிடுவர், எதை உண்பர், எதைக் கொண்டு திரும்புவர் என்ற கேள்விகள் முன்னே வந்தன. ராக்கெட் பின்னே சென்றது.

மாணவர் என்ற தகுதியே இதற்கு உதவியது என்று கருதுகிறேன். நிதி ஒதுக்கீடு இல்லாத பொருளைப் பற்றி நிறுவன ஊழியர் ஓர் அறிக்கை எழுதினால், அது யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்ற கேள்வி வரும். மாணவர் கூட்டும் மாநாட்டுக்கு அவர் தன் சொந்த ஆர்வத்தின் பேரில் வந்து பேசுவது எளிது. மேலும், பொறியாளரையும் உயிரியலாளரையும் அரசியல் தெரிந்தவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் துணிவு, துறைகளின் எல்லைச் சுவர்களை இன்னும் மதிக்கக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கே இயல்பாக வரும்.

மையப் பொருள்: காற்றிலிருந்து எரிபொருள்

மாநாட்டைச் சுற்றி வளர்ந்த கருத்துகளில் மிக நீண்ட ஆயுள் பெற்றது, திரும்பும் பயணத்துக்கான எரிபொருளைச் செவ்வாயிலேயே தயாரிப்பது. இதை மாணவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தோடு தொடர்புடைய ராபர்ட் ஆஷும் உடன் ஆய்வாளர் இருவரும் 1978இலேயே அதன் சாத்தியத்தைக் கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டிருந்தனர். ஆனால் தனிக் கட்டுரையாகக் கிடந்த ஒன்றை முழுப் பயணத்தின் அச்சாணியாக மாற்றியதில் போல்டர் மாநாடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

காரணம் எளிய எடைக் கணக்கு. செவ்வாய்த் தரையிலிருந்து புறப்படத் தேவையான எரிபொருளைப் பூமியிலிருந்தே கொண்டுபோனால், அதைத் தரையிறக்க ஒரு கலம், அந்தக் கலத்தைச் செவ்வாய்வரை தள்ள மேலும் எரிபொருள், இவை அனைத்தையும் பூமியின் சுற்றுப்பாதைக்கு ஏற்ற மேலும் ராக்கெட்டுகள் எனச் சுமை அடுக்கடுக்காகப் பெருகும். செவ்வாயின் காற்று மெல்லியது. அதன் அழுத்தம் பூமிக் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. அதைச் சூடாக்கி மின்னாற்றலால் பிரித்தால் ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். இவ்விரண்டையும் எரித்தே ராக்கெட்டை இயக்கலாம். பூமியிலிருந்து ஒரு துளியும் கொண்டுவர வேண்டியதில்லை, ஆனால் உந்துதிறன் குறைவு. மாறாக, ஹைட்ரஜனை மட்டும் கொண்டுசென்று கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரியச் செய்தால் மீத்தேனும் நீரும் உண்டாகும். நீரைப் பிரித்தால் ஆக்சிஜன். திறன் மிகுந்த இவ்வழியில், குளிர்ந்த திரவ ஹைட்ரஜனை மாதக்கணக்கில் ஆவியாகாமல் காப்பது சிக்கல்.

எரிபொருளோடு கதை முடியவில்லை. கார்பன் டை ஆக்சைடை நீக்கியபின் எஞ்சும் வாயுவில் நைட்ரஜனும் ஆர்கானும் இருக்கும். வைக்கிங் அளவீட்டின்படி செவ்வாய்க் காற்றில் நைட்ரஜன் 2.7 விழுக்காடு, ஆர்கான் 1.6 விழுக்காடு. வெறும் ஆக்சிஜன் நிரம்பிய அறையில் தீ அபாயம் மிகுதி. அதைத் தணிக்கும் நிரப்பு வாயுவாக இந்தக் கலவை பயன்படும் என்பது மேயரின் ஆய்வில் வந்த எண்ணம். எரிபொருள் ஆலையின் கழிவு, குடியிருப்பின் மூச்சுக்காற்றாகிறது. பாஸ்டனின் பசுமைக்குடிலும் இதே சிக்கனத்தைச் சார்ந்தது. மனிதர் வாழும் அழுத்தத்தைத் தாவரங்களுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே அழுத்தம் குறைந்தால் சுவரின் மீதான விசையும் குறையும், சுவர் மெலிதாகலாம், எடுத்துச்செல்லும் எடை குறையும். இந்த மூன்று யோசனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த மாணவர்களின் சிந்தனை முறை புரிகிறது: செவ்வாயை எதிரியாக அல்ல, சரக்கறையாகக் கண்டனர்.

உடல்நலப் பக்கம் இத்தனை தெளிவாக இல்லை. 1981இல் மனிதர் தொடர்ந்து விண்வெளியில் இருந்த அதிகபட்சக் காலம் 185 நாள். முந்தைய ஆண்டு சோவியத்தின் சல்யூட் 6 நிலையத்தில் இருவர் அதை நிகழ்த்தியிருந்தனர். செவ்வாய்க்கு ஒரு வழிப் பயணமே ஆறு முதல் ஒன்பது மாதம். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலைக்கு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறையே வருவதால், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பயணத்தில் தரையில் மட்டும் ஒன்றரை ஆண்டளவு காத்திருக்க வேண்டும். எடையின்மையால் எலும்பு தேயும் என்பது தெரிந்திருந்தது. அப்போலோ 16, 17 பயணங்களுக்கு இடையே 1972 ஆகஸ்டில் வெடித்த சூரியப் புயல், பாதுகாப்பற்ற வீரர்களை என்ன செய்திருக்கும் என்ற அச்சமும் இருந்தது. ஆழ்விண்வெளிக் கதிர்வீச்சைச் செவ்வாய்ப் பயணத்தின்போது கலத்தின் உள்ளிருந்தே அளந்த கருவியோ கியூரியாசிட்டி ஊர்தியோடு 2011இல்தான் புறப்பட்டது.

எழுத்தில் பதித்தது

மாநாட்டுக் கட்டுரைகளைப் பாஸ்டன் தொகுக்க, அமெரிக்க விண்பயணவியல் கழகத்தின் வெளியீட்டு வரிசையில் அவை 1984இல் நூலாயின. மாநாடு நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து என்பதைக் குறையாகவே பதிவு செய்கிறேன். படிப்பை முடிக்க வேண்டிய மாணவர்களின் கையில் தொகுப்புப் பணி தாமதமாவது புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் அந்த இடைவெளியில்தான், 1981இன் பிற்பகுதியில், அமெரிக்க அரசின் செலவுக் குறைப்பில் கோள் ஆய்வுத் திட்டமே முழுவதும் நீக்கப்படும் நிலைக்கு வந்தது. கையில் நூல் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாதம் மிகவும் தேவைப்பட்ட வேளையில் அது கைப்பிரதியாகவே கிடந்தது.

தாமதமாக வந்தாலும் நூல் வந்தது என்பதே முக்கியம். மேடைப் பேச்சு மறையும். எண்களோடு அச்சான கட்டுரையை அடுத்தவர் எடுத்து மறுக்கலாம், திருத்தலாம், அதன்மேல் கட்டலாம்.

இரண்டாம் மாநாடும் ஒரு முழுத் திட்டமும்

1984 ஜூலையில் நடந்த இரண்டாம் மாநாடு இன்னும் துணிவாக, நிரந்தர ஆய்வு நிலையத்துக்கான ஒரே ஒருங்கிணைந்த திட்டத்தை வரைய முற்பட்டது. கலங்களை ஒன்றோடொன்று இணைத்துச் சுழற்றிச் செயற்கை ஈர்ப்பை உண்டாக்குவது, குழுக்கள் மாறி மாறிச் சென்று நிலையத்தைத் தொடர்ந்து பேணுவது, செவ்வாய்க் காற்றிலிருந்து எடுத்த கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் கொண்டு தரையிலிருந்து மேலேறுவது ஆகியவை அதன் கூறுகள். இதன் விரிவான வடிவத்தை ஜெட் உந்துவிசை ஆய்வகம் 1986இல் வெளியிட்டது.

முதல் சந்திரப் பயணத்தின்போது நாசாவின் தலைவராக இருந்த தாமஸ் பெயின் அந்த இரண்டாம் மாநாட்டில் செவ்வாய்க் குடியேற்றத்துக்கான காலவரிசை ஒன்றை முன்வைத்தார். அடுத்த ஆண்டு அவர் தேசிய விண்வெளி ஆணையத்தின் தலைவரானார். 1986இல் வந்த அதன் அறிக்கை செவ்வாயில் மனிதக் குடியிருப்பை நாட்டின் நீண்டகால இலக்காகப் பரிந்துரைத்தது. 1985 ஜூனில் நாசாவும் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் மனிதச் செவ்வாய்ப் பயணம் பற்றி ஒரு பட்டறையை மார்ஷல் விண்வெளி மையத்தில் நடத்தின. ஒன்று மற்றொன்றுக்கு நேர்க்காரணம் என்று நிறுவ இயலாது. ஆயினும் 1980இல் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய பொருள் ஐந்தே ஆண்டுகளில் அரசு மையத்தின் கூடத்துக்குள் வந்துவிட்டது.

தவறிய இடங்கள்

இப்போது விண்ணோடத்துக்குத் திரும்புகிறேன். 1984இன் திட்டம் முழுவதும் இரண்டு தூண்களின் மேல் நின்றது: அடிக்கடி பறக்கும் விண்ணோடம், அதே ஆண்டு ஜனவரியில் அதிபர் ரீகன் அறிவித்த விண்வெளி நிலையம். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது முதல் தூண் விழுந்தது. நிலையமோ பல ஆண்டு வடிவமாற்றங்களில் சிக்கி, 1998இல்தான் அதன் முதற்பகுதி மேலேறியது. தரையில் கிடைப்பதைக் கொண்டு வாழ்வது என்று செவ்வாயைப் பற்றி அத்தனை சுயேச்சையாகச் சிந்தித்தவர்கள், பூமியிலிருந்து புறப்படும் முறையை மட்டும் அன்றைய அரசுத் திட்டத்திடம் ஒப்படைத்துவிட்டனர். மாநாட்டின் மிகப் பெரிய பிழை இது என்றே நினைக்கிறேன். அன்று வேறு வழி இருந்ததா என்பது தனிக் கேள்வி.

1989 ஜூலை 20 அன்று அதிபர் புஷ் செவ்வாய் இலக்கை அறிவித்ததும், நாசா 90 நாளில் தந்த ஆய்வு சுற்றுப்பாதையில் பெரும் கலங்களைக் கட்டும் பழைய பாணிக்கே போயிற்று. ஏறத்தாழ 50,000 கோடி டாலர் என்று பேசப்பட்ட செலவு அதை முடித்துவிட்டது. அதற்கு எதிர்வினையாக, மார்ட்டின் மரியெட்டா நிறுவனத்தின் பொறியாளர்கள் ராபர்ட் சுப்ரினும் டேவிட் பேக்கரும் 1990இல் முன்வைத்த திட்டம் சுற்றுப்பாதைக் கட்டுமானத்தை முற்றாகத் தவிர்த்தது. 6 டன் ஹைட்ரஜனைக் கொண்டுசென்று 108 டன் மீத்தேன்–ஆக்சிஜனைச் செவ்வாயில் தயாரிப்பது அதன் உயிர்நாடி. போல்டரில் வேரூன்றிய எண்ணம், போல்டரின் பிழையைக் களைந்துகொண்டு இதில் திரும்பி வந்தது.

மாணவர் மாநாடு என்பதன் ஆயுள்

மாநாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறையாக 1996வரை ஆறு நடந்தன. 1998 ஆகஸ்டில் அதே பல்கலைக்கழக வளாகத்தில் மார்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டது. ஆனால் இவற்றை எல்லாம் மாணவர் மாநாடு என்று அழைப்பது சரியன்று. மெக்கே 1982இலும் ஸ்டோக்கர் 1983இலும் பாஸ்டன் 1985இலும் முனைவர் பட்டம் பெற்றனர்; முதல் இருவரும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றச் சென்றனர். பட்டத்தோடு முடியும் ஆயுள் எல்லா மாணவர் அமைப்புக்கும் உண்டு. இங்கே அமைப்பாளர்கள் தம் கேள்வியைத் தொழிலாகவே எடுத்துச் சென்றதால் அது முறியவில்லை. மெக்கே அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் செவ்வாயை ஒத்த சூழலை ஆராய்ந்தார். ஸ்டோக்கர் பின்னர் ஃபீனிக்ஸ் கலத்தின் அறிவியல் குழுவில் பங்கேற்றார். பாஸ்டன் நிலத்தடிக் குகைகளின் நுண்ணுயிர்களைத் தேடிச் சென்றார். செவ்வாயில் உயிர் மிஞ்சியிருந்தால் அது மேற்பரப்பில் இராது, உள்ளே இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அவரை அங்கே இறக்கியது. அதே வேளை, புதிய மாணவர் தலைமுறை ஒன்றைத் தலைமைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அந்த மாநாடுகளில் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுப்பது 2021 ஏப்ரல் 20 அன்று முதன்முறையாக நடந்தது. முதல் மாநாட்டுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின். பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி அன்று ஏறத்தாழ 5 கிராம் எடுத்தது. 2023இல் பணியை முடிக்கும்வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம். நால்வர் செவ்வாய்த் தரையிலிருந்து மேலேறத் தேவைப்படும் ஆக்சிஜன், நாசாவின் கணக்கில், ஏறத்தாழ 25 டன்.